அலெக்ஸாந்திரியாவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது?

வணக்கம் சார்,

அலெக்ஸாந்திரியா சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருந்ததால், பயணக் குழுவோடு எகிப்து போனபோது அந்த ஊருக்காகக் காத்திருந்தேன். ஏமாற்றம்தான் மிச்சம். காலையில் ஓட்டலில் ரொட்டி, வெண்ணெய், வெள்ளரிக்காய். மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு பெரிய உணவகத்தில் இறக்கிவிட்டார்கள். எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. ஆறிப்போன கோழி, உப்புச் சப்பில்லாத சோறு. ராத்திரி ஏழு மணிக்கு மறுபடியும் அதே. கையோடு கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய்தான் காப்பாற்றியது. என் மாமியார் சைவம். பாவம், பழத்திலேயே ஓட்டினார். இப்போது என் மகன் வேலை விஷயமாக ஆறு மாதம் அங்கே போகிறான். நீங்கள் எழுதியதெல்லாம் எழுத்தாளர்களுக்கே உரிய மிகைதானே?

சுமதி, மதுரை

அன்புள்ள சுமதி,

மிகை இல்லை. என்ன நடந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பன்னிரண்டரை, ஏழு. அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த நேரங்களில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவர்களுக்கு மதியச் சாப்பாடு என்றால் வேலை முடிந்து மூன்று, நான்கு மணிக்கு. இரவுச் சாப்பாடு பத்துக்கு மேல், கோடையில் நள்ளிரவும் தாண்டும். உங்களை இறக்கிவிட்ட கூடம் சுற்றுலாப் பேருந்துகளுக்காகத் திறந்து வைத்திருப்பது. ஊர் சாப்பிடாத நேரத்தில் கிடைக்கும் சாப்பாட்டை வைத்து ஊரின் ருசியைச் சொல்ல முடியாது.

காலை ஃபூலுடையது. ஃபாவா என்கிற பழுப்பு நிறப் பயறு. வயிறு பெருத்துக் கழுத்து குறுகிய பானையில் இரவு முழுக்கச் சிறு தீயில் வேகும். பழைய நாட்களில் பொதுக் குளியலறைகளுக்கு வெந்நீர் போடும் அடுப்புச் சாம்பலில் இந்தப் பானைகளைப் புதைத்து வைப்பார்கள். விடிந்ததும் நீளக் கரண்டியை உள்ளே விட்டு அள்ளி, மசித்து, எண்ணெய், சீரகம், எலுமிச்சை சேர்த்துக் கொடுப்பார்கள். அலெக்ஸாந்திரியாவில் அதோடு தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், எள்ளு விழுது எல்லாம் சேரும். தள்ளுவண்டிக்காரர் பானை காலியானதும் கிளம்பிவிடுவார். உங்கள் மகனுக்கு எழுந்திருக்கச் சோம்பேறித்தனம் என்றால் ரம்ல் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ‘முகமது அகமது’ கடைக்குப் போகட்டும். ஃபூலுக்கும் ஃபலாஃபெல்லுக்கும் பேர் போன கடை.

அந்த ஃபலாஃபெல்லை உங்கள் மாமியார் தவறவிட்டதுதான் எனக்கு வருத்தம். மற்ற நாடுகளில் கொண்டைக்கடலையில் செய்வதை எகிப்தில் இதே ஃபாவாவில் செய்கிறார்கள். நம் மசால் வடை மாதிரி ஊறவைத்து, வேகவைக்காமல் பச்சையாகவே அரைப்பது. ஆனால் கொத்தமல்லி, பார்ஸ்லி, வெங்காயத்தாள் என்று கைநிறையப் போடுவதால் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கும். கெய்ரோவில் இதையே தாமெயா என்று கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் துணை தவிடு ஒட்டிய பலதி ரொட்டி. ரொட்டி விலை அங்கே அரசியல். 1977 ஜனவரியில் அதிபர் சதாத்தின் அரசு உணவு மானியத்தில் கைவைத்ததும் ஊர் ஊராகக் கலவரம் வெடித்தது. முடிவை உடனே திரும்பப் பெற்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 5 பியாஸ்தராக (நூறு பியாஸ்தர் ஒரு எகிப்து பவுண்டு) இருந்த மானிய ரொட்டியை 2024 ஜூனில்தான் 20 ஆக்கினார்கள்.

மதியம் மீன். கடலோரத்து அன்ஃபூஷி பகுதிக்குப் போனால் பல கடைகளில் விலைப்பட்டியலே நீட்ட மாட்டார்கள். ஐஸில் பரப்பியிருக்கும் மடவை, கணவாய், இறாலில் நாமே கைகாட்டி எடுத்து எடை போடச் சொல்ல வேண்டும். எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். யோசிக்காமல் ‘ரத்தா’ என்று சொல்லச் சொல்லுங்கள். ரத்தா என்றால் கோதுமைத் தவிடு. முழு மீனைத் தவிட்டில் புரட்டி நேராகக் கம்பி மேல் போடுவார்கள். தவிடு கருகித் தோலோடு ஓடாகிவிடும், வீடாக இருந்தால் பதறிப்போய் அடுப்பை அணைப்போம். எடுத்த சூட்டோடு உப்பு, சீரகம், எலுமிச்சை கலந்த தண்ணீரில் சுரீரென்று ஒரு முக்கு. மேசைக்கு வந்ததும் அந்தக் கரி ஓட்டை உரித்தால் உள்ளே சதை வெள்ளையாக, ஈரம் காயாமல் இருக்கும். கூடவே வெங்காயத்தைக் கருக வறுத்து அந்தச் சாற்றில் வேகவைத்த பழுப்புச் சோறு. இதற்கு மேல் மசாலா போட்டால் மீனுக்குத்தான் அவமானம். சீரகம், பூண்டு, எலுமிச்சை, இவ்வளவுதான் அந்த ஊர்ச் சமையல். நம் நாக்குக்கு ஐந்தாறு பொடி இல்லாவிட்டால் சமைத்த மாதிரியே தெரிவதில்லை, அது நம் பாடு.

காரம் வேண்டும் என்றால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் வெளியே வரட்டும். ‘கிப்தா இஸ்கந்தரானி’ என்று ஊர் பேரிலேயே ஒரு பண்டம். மாட்டு ஈரலைப் பொடியாக நறுக்கி, பூண்டு, பச்சை மிளகாய், சீரகத்தோடு கொதிக்கும் எண்ணெயில் சடசடவென்று பிரட்டி, நீள பன்னில் திணித்துத் தருவார்கள். நம்மூர்ப் பரோட்டாக் கடைக்காரரே தலையாட்டுவார். அமெரிக்கா ஏற்றுமதி செய்யும் மாட்டு ஈரலில் பெரும்பங்கு எகிப்துக்குத்தான் போகிறது, அவ்வளவு ஈரல் பிரியர்கள். ஒரு காலத்தில் அந்த ஊரில் வாழ்ந்த கிரேக்கர்கள் விட்டுப்போன பழைய பேக்கரிகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். போகலாம், காப்பி குடிக்கலாம். வயிறு நிறைய அவை தேவையில்லை.

ஊறுகாய் பாட்டிலுக்காக வெட்கப்பட வேண்டாம். டுர்ஷி என்று காய்களை உப்பிலும் வினிகரிலும் ஊறப்போட்ட கிண்ணம் இல்லாமல் அவர்களும் சாப்பிட உட்காருவதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

மாமியாரை மறுபடி கூட்டிப் போவதாக இருந்தால் ஒரு சொல் போதும்: ‘சியாமி’. எகிப்தின் பழமையான கிறிஸ்தவ சமூகமான காப்டிக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் 200 நாளுக்கு மேல் நோன்பு இருப்பவர்கள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் மூன்றும் இல்லை. அந்தச் சமையலுக்குத்தான் சியாமி என்று பெயர், ஊரில் எல்லோருக்கும் புரியும். ஒரு எச்சரிக்கை. சில நோன்புகளில் மீன் உண்டு, நவம்பர் 25 முதல் ஜனவரி 6 வரை வரும் கிறிஸ்துமஸ் நோன்பும் அதில் ஒன்று. அதனால் மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். முலூகியா என்ற கொழகொழப்பான கீரைக் குழம்பைப் பார்த்துச் சைவம் என்று நம்பிவிடக் கூடாது. வழக்கமாக முயல் அல்லது கோழி வேகவைத்த சாற்றில்தான் அதைச் செய்வார்கள். ஃபாவாப் பயறும் கீரையும் சேர்த்து மசிக்கும் பிஸாரா, பொரித்த கத்தரிக்காய், அப்புறம் பருப்பு, சோறு, மக்ரோனி, கொண்டைக்கடலை கலந்த குஷரி, இவை போதும் ஒரு வாரத்துக்கு.

மகனிடம் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ஃபாவா ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய்விடும். நம்மிடையேயும் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள், பலருக்குத் தெரியாது. வீட்டில் யாருக்காவது இருந்தால் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இருப்பது தெரிந்தால் ஃபூலும் ஃபலாஃபெல்லும் பிஸாராவும் கிடையாது. அன்ஃபூஷியும் ஈரல் கடையும் எங்கும் போய்விடவில்லை.