அறுநூறு பேருக்கும் ஒரே உடற்பயிற்சி பொருந்துமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலைக் குழுமத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மூன்று ஆலைகள், சொந்த லாரிகள், அலுவலகம் எல்லாம் சேர்த்து 640 பேர். மூட்டை தூக்குகிறவர்கள், களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள், டிரைவர்கள், பாய்லர் ஆட்கள், கணக்குப் பார்ப்பவர்கள், வாட்ச்மேன்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். போன வருடம் யோகா தினத்தன்று காலை ஆறரை மணி வகுப்பு ஒன்று தொடங்கினோம். முதல் நாள் 200 பேர் வந்தார்கள், பத்தாம் நாள் 11 பேர். இப்போது முதலாளி ஜிம் கட்டித் தருகிறேன் என்கிறார். செல்போனில் தினசரி நடையை எண்ணிப் பரிசு கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. எல்லாரையும் தினமும் உடற்பயிற்சி செய்யவைக்க என்ன வழி?

பதில்: அந்த 11 பேர் யார் யார் என்று ஒருமுறை வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஆண்களாகத்தான் இருப்பார்கள். களத்துப் பெண்கள் அனேகமாக இருக்க மாட்டார்கள். ஆறரைக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டுமென்றால் அந்தப் பெண் நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைக்கு டப்பா கட்டிவிட்டு மினி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆர்வம் இருந்தாலும் அவரால் எப்படி வர முடியும்? அந்த நேரம் அவருடையதாக இல்லை.

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிம் வேண்டாம். வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு, தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யார் என்ன செய்வது என்பதை அவரவர் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேலைக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பேசும்போது 1953இல் ஜெர்ரி மாரிஸ் வெளியிட்ட லண்டன் பஸ் ஆய்வை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரே பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களுக்கு வந்த அளவுக்கு, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு வரவில்லை. உடம்பை அசைத்து வேலை செய்தால் இதயத்துக்கு நல்லது என்று அதிலிருந்து புரிந்துகொண்டோம். ஆனால் அதை அப்படியே உங்கள் லோடுமேன்களுக்குப் பொருத்திவிடக் கூடாது. கண்டக்டர் ஏறி இறங்கியது லேசான, விட்டுவிட்டு வரும் அசைவு. மணிக்கணக்கில் பாரம் சுமப்பது அப்படியல்ல. ரத்த அழுத்தம் நெடுநேரம் ஏறியே நிற்கிறது, உடம்பு தேறிவர இடைவெளியும் கிடைப்பதில்லை. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் குழுவினர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன: ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி தரும் நன்மையைக் கடும் உடலுழைப்பு தருவதில்லை. சில சமயம் அது கெடுதலாகவே முடிகிறது.

ஆகவே, ‘நாங்கள்தான் நாள் முழுக்க உழைக்கிறோமே, எங்களுக்கு எதற்கு எக்சர்சைஸ்?’ என்று லோடுமேன் கேட்டால் அது நியாயமான கேள்வி. அவருக்குத் தேவையான பயிற்சி வேறு.

நான் இயன்முறை மருத்துவர். ஆலைகளுக்குப் போனால் முதலில் மூட்டைகளை அடுக்கி அட்டி போடுகிற இடத்தில் அரை மணி நேரம் நிற்பேன். மூட்டையைத் தோளில் வாங்குவதை நம் ஆட்கள் அழகாகச் செய்வார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறக்கும்போதுதான் கோளாறு. கால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்க, இடுப்பை மட்டும் திருப்பி மூட்டையைத் தள்ளுவார்கள். பாரத்தோடு முதுகு குனிந்தும் திரும்பியும் இருக்கிற அந்த ஒரு நொடியில்தான் டிஸ்க் பிதுங்குகிறது. கொள்முதல் நிலையத்து மூட்டையே 40 கிலோ. ஒரு நாளில் எத்தனை முறை அப்படித் திரும்புகிறார் என்று நீங்களே நின்று எண்ணிப் பாருங்கள். ‘இடுப்பைத் திருப்பாதே, பாதத்தைத் திருப்பு’ என்பதை மேஸ்திரி வாயால் சொல்ல வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம், வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம்: நின்ற இடத்தில் நடை, தோளைச் சுழற்றுதல், பாதி உட்கார்ந்து எழுதல் பத்து முறை. பத்துப் பன்னிரண்டு மூட்டைக்கு ஒருமுறை இடுப்பில் கை வைத்து, மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து நிமிர்தல். மீதி ஐந்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். அவருக்கு அந்த ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

டிரைவர்கள் கதை வேறு. தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ லோடு கொண்டுபோய், ஐந்தாறு மணி நேரக் குலுக்கலுக்குப் பிறகு கீழே குதித்ததும் அவர் செய்யும் முதல் காரியம் தார்ப்பாய்க் கயிற்றை இழுப்பது. அப்படிச் செய்யக் கூடாது. நெடுநேரம் உட்கார்ந்த முதுகு சட்டென்று பாரம் தாங்காது. லாரியை நிறுத்தியதும் மூன்று நிமிடம் வண்டியைச் சுற்றி நடந்து டயரைப் பார்க்கட்டும், அதன் பிறகு கயிற்றைத் தொடட்டும். வழியில் டீக்கு நிறுத்துமிடத்தில் டீ கைக்கு வரும்வரை நடக்கட்டும். டிரைவருக்கு இதைவிடப் பெரிய திட்டம் போட்டால் நடக்காது.

களத்துப் பெண்கள் வெயிலில் நெல்லைக் காலால் துழாவித் துழாவி நடப்பவர்கள். அவர்களை இன்னும் நடக்கச் சொல்வது அநியாயம். நிழலில் காலை உயர்த்தி வைத்து ஐந்து நிமிடம், பிறகு தோள், கழுத்து, கணுக்கால் அசைவுகள் ஐந்து நிமிடம் போதும். வாரம் இரண்டு நாள், சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது போன்ற வலுப் பயிற்சிகள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்புக்கும் தசைக்கும் இது மிகவும் அவசியம்.

நன்றாக நடக்க வேண்டியவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். மதியம் சோறு சாப்பிட்டுவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறோமே, அந்த ஒரு மணி நேரத்தில்தான் ரத்தச் சர்க்கரை ஏறும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் இன்சுலினும் கணிசமாகக் குறைவதை 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் அலுவலகத்தாரின் பத்து நிமிடத்தைச் சாப்பாடு முடிந்த உடனே வையுங்கள். குடோனைச் சுற்றி நடந்தால் போதும். பயிற்சி என்றால் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, 2 நாள் தசை வலுப் பயிற்சி என்பது இலக்கு. அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம்.

நடை எண்ணும் போட்டி வேண்டாம் என்பேன். களத்துப் பெண் வேலையிலேயே முதலிடம் வந்துவிடுவார், டிரைவர் என்றைக்கும் கடைசிதான். சாதாரண போன் வைத்திருக்கிற பாய்லர் ஆள் பட்டியலிலேயே வர மாட்டார். 10,000 என்ற எண்ணும் மருத்துவம் தந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது அது.

சரி, இதைப் பத்தாம் நாளுக்குப் பிறகும் எப்படி நடத்துவது? உங்கள் ஆட்களில் எத்தனை பேர் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள், எத்தனை பேர் சமயபுரத்துக்கு நடக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். தினம் அரை கிலோமீட்டர் நடக்க நேரமில்லை என்பவர்தான் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிவரை 90 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார். கூட ஆள் இருக்கிறது, தேதி குறித்திருக்கிறது, வழியில் நீர்மோர் கொடுக்க யாரோ நிற்கிறார்கள். நடக்க வைப்பவை இவைதான். ஆலையிலும் அப்படியே செய்யுங்கள். பயிற்சியை நீங்களோ வெளியாளோ நடத்த வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் மற்றவர்கள் பேச்சைக் கேட்கிற ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மூட்டைக் குழுவில் மேஸ்திரி, களத்தில் மூத்த அக்கா, வடமாநிலத்தவரில் அவர்களிலேயே ஒருவர். மைக்கில் பேசாமல் செய்து காட்டினால் மொழி பிரச்சினையே வராது. மேலாளரும் ஒருநாள் விடாமல் வந்து நிற்க வேண்டும். அவர் நிற்காத வாரத்தில் கூட்டம் கலைந்துவிடும்.

செலவை மறைக்க வேண்டாம். 640 பேர், பத்து நிமிடம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 107 மணி நேர உழைப்பு. முதலாளி கட்டாயம் கேட்பார். அதனால் முதலில் ஒரு மூட்டைக் குழுவும் அலுவலகமும் மட்டும் மூன்று மாதம் செய்யட்டும். முதுகுவலிக்காக எடுத்த லீவு நாட்களை முன்னும் பின்னும் குறித்துவைத்து அவரிடம் காட்டுங்கள். தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது தொடங்காதீர்கள், முதல் வாரமே நின்றுபோகும். குறுவை அறுவடைக்கு முந்திய ஆடி மாதம் தோதானது. ஐப்பசி மழைக்கு குடோனில் ஓர் ஓரத்தை ஒதுக்கி வையுங்கள். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் வெட்டவெளியில் எதுவும் வேண்டாம்.

தொடங்குமுன் எல்லாருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். பணியிடத்துக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நெஞ்சுவலி, படி ஏறினால் மூச்சுவாங்குதல், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே சேர வேண்டும். கர்ப்பிணிகளையும் நோன்பு இருப்பவர்களையும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர் வெறுங்காலில் நடக்கவே கூடாது. யாருடைய எடையையும் சர்க்கரையையும் போர்டில் எழுதாதீர்கள், இன்கிரிமென்ட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். வராதவரைக் கேள்வி கேட்கத் தொடங்கினால் வருகிறவரும் பயந்து வருவார்.

ஜிம்முக்கு ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறதல்லவா? களத்து ஓரத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை, நல்ல குடிதண்ணீர், பெஞ்சுகள், மூட்டை நகர்த்த நாலைந்து தள்ளுவண்டிகள், நடக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு ஜோடி ஷூ. முதலாளியிடம் இந்தப் பட்டியலைக் கொடுங்கள். கொட்டகையை முதலில் எழுதுங்கள்.