நடுவில் நிற்கும் ‘ஆகலின்’

அன்புள்ள அம்மா,
முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பாடல் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். உரைகள், மொழிபெயர்ப்புகள், விக்கிப்பீடியா, யூடியூப் பேச்சுகள் என்று 14 ஆதாரங்கள் சேர்த்திருக்கிறேன். பட்டியலை இணைத்துள்ளேன். எதை எடுக்கலாம், எதை விடலாம்? அச்சில் வந்ததை மட்டும் நம்பினால் போதுமா? அடிக்குறிப்பை எந்த முறையில் தருவது?
ச.

அன்புள்ள ச.,

பத்து நாளாக நானும் அந்தப் பாட்டோடுதான் இருக்கிறேன், அதனால் உடனே எழுதுகிறேன். அடிக்குறிப்பு முறையை உன் துறையில் கேட்டுக்கொள். விக்கிப்பீடியாவைத் திறப்பதில் தப்பில்லை, அங்கேயே உட்கார்ந்துவிடாதே.

அச்சில் வந்தால் நம்பலாமா என்கிறாய். நான் படித்த காலத்தில் ஒரு ஆண்டு மலரில் ‘யாவரும் கேளீர்’ என்று நெடிலாக அச்சாகியிருந்தது. அதை நம்பி, ‘எல்லோரும் கேளுங்கள்’ என்று பொருள் சொல்லி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் ஆசிரியர் திட்டவில்லை. நூலகத்துக்குக் கூட்டிப்போய், உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பைக் கையில் கொடுத்து, 192ஆம் பாட்டாக இருக்கும் இதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். கேளிர். குறில். உறவினர் என்று பொருள். ஒரு சுழியில் மொத்த உறவையும் தொலைத்திருந்தேன்.

உ.வே.சா. 1894இல் பதிப்பித்த நூல் அது. அதிலுள்ள பழைய உரையை எழுதியவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. 266 பாட்டுகளுக்கு மட்டும் கிடைத்த அந்த உரைக்குள் நம் பாட்டும் இருப்பது நம் அதிர்ஷ்டம். ‘சாதலும் புதுவது அன்றே’ என்பதற்கு, கருவில் தோன்றிய நாளிலிருந்தே சாவு உண்டு என்கிறார் அவர். அங்கிருந்து தொடங்கு. அப்புறம் ஔவை துரைசாமிப் பிள்ளை உரை.

உன் பட்டியலில் நான் திறந்து பார்த்த ஆறும் முதல் அடியோடு நின்றுவிடுகின்றன. பாட்டுக்கு அடி 13, அம்மா! முதல் அடியை மட்டும் பேசுகிறவர் பாட்டைப் படித்தாரா என்று ஏன் உனக்குக் கேட்கத் தோன்றவில்லை? மின்னலோடு மழை பெய்கிறது. பாறையில் மோதி இரைந்து ஓடுகிறது பேராறு. அதில் தெப்பம் நீரின் போக்கில் போகிறது, உயிரும் அப்படியே முறையின், அதாவது ஊழின், போக்கில் போகும் என்று தெளிந்தோம் என்கிறார் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனார். அடுத்த சொல் ‘ஆகலின்’. ஆகவேதான் பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. தெப்பத்தை எடுத்துவிட்டால் அந்தக் கடைசி அடிகளுக்குக் காரணமே இல்லை. வரவேற்பு வளைவில் எழுதும் வாசகம்தான் மிஞ்சும்.

எந்த ஆதாரமானாலும் ‘ஆகலின்’ வரும் இடத்துக்குப் போ. அங்கே அதை எழுதியவர் நின்று யோசித்திருக்கிறாரா பார். இல்லையென்றால் பேராசிரியர் எழுதியதானாலும் மூடிவை. ஜி.யு. போப், ஏ.கே. ராமானுஜன் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் அப்படியே பார்.

நற்றிணை 226ஆம் பாட்டும் பூங்குன்றனாருடையதுதான். மரம் பட்டுப்போகும்படி மருந்து எடுக்க மாட்டார்கள் மனிதர்கள் என்று தொடங்கும். உன் 14இல் அது இல்லை. அதைப் படித்துவிட்டு எழுது.