கேள்வி கேட்டாலே விசுவாசம் குறைவு என்கிறார்களே, கிறிஸ்தவத்தில் பகுத்தறிவுக்கு இடமே இல்லையா?

இடம் இருக்கிறது. இல்லை என்று உங்களிடம் சொன்னவருக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அநேகமாகக் கல்லூரி ஹாஸ்டலில் இருப்பவர். வாலிபர் கூட்டத்தில் யாரோ ஒரு அண்ணனிடம் எதையோ கேட்டு, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். கேள்வி கேட்டதற்காக அல்ல, கேட்ட பையனுக்குப் பதில் சொன்னதற்காக.

ஈரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், தாத்தா காலத்தில் லண்டன் மிஷன் சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆதியாகமம் முதல் அதிகாரம், ஆறு நாளில் கடவுள் உலகைப் படைத்ததாக வேதத்தின் தொடக்கத்தில் வருகிற பகுதி. பள்ளியிலும் என்னிடமே படிக்கிற ஒருவன் எழுந்தான். "சார், வெள்ளிக்கிழமை டார்வின் சொன்னீங்க. இன்னைக்கு ஆறு நாள்னு சொல்றீங்க. பரீட்சைக்கு எதுங் சார், பரலோகத்துக்கு எதுங் சார்?"

வகுப்பே சிரித்தது. அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சத்தமாக வாசிக்கச் சொன்னேன். முதல் நாள் வெளிச்சம், சாயங்காலமும் விடியற்காலமும் ஆகிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அப்படியே. 14ஆம் வசனத்தில் ஆரம்பித்து 19 வரை வந்தால்தான் சூரியன்; அது நாலாம் நாள். "சூரியனே இல்லாம மொத மூணு நாள் சாயங்காலம் எப்படி ஆச்சு?" என்று கேட்டேன். ஒரு பெண் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இது கடியாரத்து நாள் இல்லீங்களா சார்?" என்றாள்.

இது என் சொந்தச் சரக்கு என்று நினைத்துத் திட்ட வராதீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகென் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்ட கேள்வி இது. டார்வின் பிறக்க இன்னும் 1,500 வருஷத்துக்கு மேல் இருந்தது. பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீன் இன்னும் கடுமையாகவே எழுதியிருக்கிறார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவன் முன்னால் கிறிஸ்தவன் வேதத்தைச் சாட்சிக்கு இழுத்து உளறினால் அது வெட்கக்கேடு, தனக்குத் தெரிந்த விஷயத்திலேயே தப்பாகப் பேசுகிற புத்தகம் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னால் மட்டும் அவன் எப்படி நம்புவான் என்று.

அடுத்தது விலா எலும்பு. ஆதாமின் விலா எலும்பை எடுத்துத்தான் ஏவாளைப் படைத்தார், அதனால் ஆண்களுக்கு ஒன்று குறைவு என்று பாட்டி சொன்னதாக இன்னொருவன். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், கையில் சிக்காது. கழுத்துக் குழியிலிருந்து விரலை நேராகக் கீழே இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும். அங்கே வந்து சேர்வது இரண்டாவது. அங்கிருந்து எண்ண வேண்டும். கடைசி இரண்டும் முன்னால் எதோடும் ஒட்டாதவை, பக்கவாட்டில் தடவித்தான் பிடிக்கணும். ஆணோ பெண்ணோ, 12 ஜோடி. உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் 1543லேயே எழுதி வைத்துவிட்டார். பிள்ளைகள் அன்றைக்கு மாதிரி ஒருநாளும் வகுப்பில் உட்கார்ந்ததில்லை.

அந்த வாரமே ஒரு பெற்றோர் புகார் கொடுத்துவிட்டார். கமிட்டியில் என்னை உட்கார வைத்து, மரியாதையாகத்தான், "நீங்க கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க சார்" என்றார்கள். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை.

சேதி பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு கணக்கு வாத்தியார், கறுப்புச் சட்டைக்காரர். பெரியார் பிறந்த ஊரில் அதற்கென்ன பஞ்சம். "ஏனுங்க வாத்தியாரே, கோயில்லயே உங்கள வெரட்டிட்டாங்களாமா? பேசாம எங்க பக்கம் வந்துருங்க" என்றார். நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்துத்தான் கிண்டல் செய்வார். நான் மெண்டலைச் சொன்னேன். பட்டாணிச் செடியை வைத்து 1866இல் அவர் வெளியிட்ட கட்டுரையைத்தான் வருஷா வருஷம் பாடமாக நடத்துகிறோம். அந்த ஆள் ஒரு துறவி. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடி போட்ட லெமைத்ர் பாதிரியார். 1951இல் போப் அந்தக் கொள்கையைப் படைப்புக்கு ஆதாரம் போலப் பேசியபோது லெமைத்ருக்கே அதில் உடன்பாடில்லை. "அதெல்லாம் சரி, கலிலியோ?" என்றார் வாத்தியார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபை அவர்மேல் நடத்திய 1633 விசாரணை அநியாயம்தான், நான் எங்கே இல்லையென்றேன்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கமிட்டிக்கும் இந்தக் கறுப்புச் சட்டைக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆதியாகமத்தை அறிவியல் பாடப்புத்தகமாகத்தான் படிக்க வேண்டும் என்பதில் இருவரும் உறுதி. ஒருவர் படித்துவிட்டு ஆமென் போடுகிறார், இன்னொருவர் சிரிக்கிறார். அப்படிப் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறவனைக் கண்டால் இரண்டு பேருக்கும் எரிச்சல்.

எல்லாவற்றையும் அறிவால் அளந்துவிடலாம் என்று நான் சொன்னதாகக் கீழே யாராவது எழுதுவீர்கள். சொல்லவில்லை. உயிர்த்தெழுதலை எந்த லேபிலும் காட்ட முடியாது. நான் நம்புகிறேன். அது நான் எடுத்த முடிவு, அதற்கான காரணங்களைக் கேட்டால் சொல்வேன், நீங்கள் ஏற்காமலும் போகலாம். "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்று யோவான் 20:29ஐத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு வசனம் முன்னாலும் படியுங்கள். தொட்டுப் பார்க்காமல் உயிர்த்தெழுதலை நம்ப மாட்டேன் என்ற சீடன் தோமாவை இயேசு வெளியே போ என்று சொல்லவில்லை. கையைக் காட்டி, விலாவைக் காட்டி, போட்டுப் பார் என்றார். பேதுருவும் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்றுதான் எழுதினார். உத்தரவு என்றால் இங்கே பதில். வாயை மூடச் சொல்லவில்லை.

கத்தோலிக்கரும் இதைப் பேசியிருக்கிறார்கள். விசுவாசமும் பகுத்தறிவும் இரண்டு சிறகுகள் என்று 1998இல் போப் இரண்டாம் ஜான் பால் திருச்சபைக்கு ஒரு சுற்றுமடலே எழுதினார். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் அதெல்லாம் வராது. யோசுவா காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்கிற அரதப் பழைய புரளிதான் மாதம் தவறாமல் வரும். அதற்கு நூறு கும்பிடு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இதே ஈரோட்டில் இருந்த பாப்லி என்ற மிஷனரி நம் சங்கீதத்தை முறையாகக் கற்று 1921இல் இந்திய இசை பற்றி ஒரு நூலே எழுதினார். குறளையும் ஆங்கிலத்தில் கொண்டுபோனார். இன்றைக்கு எங்கள் கோயிலில் டிரம்ஸ் அடிக்கிற அடியில் கீர்த்தனையின் ஒரு வரி காதில் விழுவதில்லை. ஆர்கன் மூலையில் துணி போட்டுக் கிடக்கிறது. கேட்டால் அதற்கும் "வாலிபர் உற்சாகத்தைக் கெடுக்காதீங்க சார்."

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அண்ணனோடு கூட்டத்தில் மல்லுக்கு நிற்க வேண்டாம். உங்கள் சபையில் ரிட்டையர்டு ஆன டாக்டரோ டீச்சரோ பின் பெஞ்சில் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய்க் கேளுங்கள். பாதிப் பேர் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருக்கிறோம்.