பாதி உயரம்தானேன்னு கிளம்பிடாதீங்க

கேள்வி: மூணு வருஷமா தான்சானியாவுல தார் எஸ் சலாம்ல வேலை பாக்குறேன். போன வருஷம் கிளிமஞ்சாரோ ஏறி முடிச்சேன். இப்ப ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் இதே நாட்டு வடக்குல இருக்குற ஓல் டோய்ன்யோ லெங்காய் எரிமலைக்குப் போலாம்னு கூப்பிடுறாங்க. கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர், இது 2,962 மீட்டர்தான், ஒரே ராத்திரில ஏறிடலாம்ங்கறாங்க. தனியா பிராக்டிஸ் ஏதும் தேவைப்படுமா சார்?

பதில்: கண்டிப்பா தேவைப்படும் தம்பி. பாதி உயரம்ங்கற கணக்க மொதல்ல மறந்துருங்க. கிளிமஞ்சாரோல உங்கள சோதிச்சது ஆக்சிஜன் கம்மியா இருந்ததுதான், அதுக்காக அஞ்சாறு நாள் மெதுவா நடந்து உடம்பப் பழக்கினீங்க, சுமைய போர்ட்டர் தூக்கிட்டு வந்தார், ராத்திரி டென்ட்ல சூடா சாப்பாடு கெடச்சுது. இங்க மூச்சு வாங்குறது பெரிய விஷயமில்ல, சரிவுதான் ஆள அடிச்சுப் போடும். 1,500 மீட்டருக்கு மேல ஒரே ராத்திரில ஏறணும், அதுவும் வளைஞ்சு வளைஞ்சு போற பாதையெல்லாம் கெடையாது, கிட்டத்தட்ட நேரா மேலதான். கீழ சாம்பல் மண்ணு, ஒரு அடி வச்சா அரை அடி பின்னால சறுக்கும். மேல போகப் போக சாம்பல் இறுகி பாறை மாதிரி ஆயிருக்கும், சரிவு 45 டிகிரி கிட்ட வந்துரும், அங்க கைய ஊணாம ஏற முடியாது, அதனால நல்ல கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்குங்க.

ராத்திரி 11, 12 மணிக்கு கிளம்புறதுக்கும் காரணம் இருக்கு. மலை முழுக்க ஒதுங்க நிழலே கெடையாது, பகல்ல மலையச் சுத்தியிருக்குற பள்ளத்தாக்கு அடுப்பு மாதிரி கொதிக்கும். வழில ஊத்து, ஓடை எதுவும் இல்ல, குடிக்கிற தண்ணி பூரா உங்க முதுகுலதான் வரணும். ஆளுக்கு 4 லிட்டராவது வேணும்.

நான் ஏறினப்ப எங்க குழுவுல ஒருத்தர் உச்சிக்குப் போறதுக்குள்ளயே தண்ணிய முழுசா குடிச்சிட்டார். ஏறுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். இறங்கும்போது வெயில் ஏறிடுச்சு, முட்டி நடுங்க ஆரம்பிச்சுது, ராத்திரி டார்ச் வெளிச்சத்துல தெரியாத பள்ளமெல்லாம் இப்ப கண்ணு முன்னால தெரியுது, பல இடத்துல உக்காந்தே சறுக்கி இறங்கினார். நாங்க மிச்சம் வச்சிருந்த தண்ணியப் பங்கு போட்டுத்தான் அவர கீழ கொண்டுவந்து சேர்த்தோம். அதனால சொல்றேன், பிராக்டிஸ் பண்றப்போ முதுகுல கனமான பையோட மாடிப்படி ஏறுங்க, ஆனா அதவிட அதிகமா இறங்கிப் பழகுங்க. அன்னிக்கு ராத்திரி உச்சிக்குப் போறதுக்கு முன்னாடியே பாதி தண்ணி காலியாயிடுச்சுன்னா எந்த இடத்துல இருந்தாலும் திரும்பிருங்க. இத கிளம்புறதுக்கு முன்னாடியே குழுவுல எல்லாரும் பேசி முடிவு பண்ணிக்கணும், பாதி மலைல நின்னுட்டு பேசினா யாருக்கும் திரும்ப மனசு வராது.

கேள்வி: என் பையனும் அதே மலைக்குப் போறேன்னு நிக்கிறான். ஏறும்போது வெடிச்சா என்ன பண்றது? தூக்கமே வரல.

பதில்: உங்க பயம் நியாயமான பயம்தாம்மா. அது இன்னிக்கும் உயிரோட இருக்குற எரிமலை. 1917, 1940, 1966னு பெரிசா வெடிச்சிருக்கு. கடைசியா 2007 ஜூலைல அந்தப் பக்கம் வரிசையா நிலநடுக்கம் வந்துச்சு, செப்டம்பர்ல மலை வெடிச்சுது, 2008 வரைக்கும் அடங்கல. ஒவ்வொரு தடவையும் இப்படி முன்கூட்டி சொல்லிட்டு வெடிக்கும்னு நான் உங்களுக்கு வாக்கு கொடுக்க முடியாது. அடிவாரத்துல எங்காரே செரோ கிராமத்து மசாய் மக்கள் தினமும் அந்த மலையப் பாத்துட்டே இருக்கறவங்க, அவங்கள்ல ஒருத்தர் வழிகாட்டியா இல்லாம ஏறக்கூடாதுன்னு பையன்கிட்ட சொல்லுங்க, அவர் இன்னிக்கு வேணாம்னா வேணாம்தான். அப்புறம் உச்சில எரிமலை வாய்ப் பள்ளத்தோட விளிம்புக்குப் போய் எட்டிப் பாக்கவே கூடாது, அந்த விளிம்பு எப்ப சரியும்னு யாருக்கும் தெரியாது. உள்ள இறங்குறத நெனச்சுக்கூடப் பாக்கக் கூடாது, கனமான விஷவாயு பள்ளத்துலதான் தேங்கி நிக்கும். பெரிய ஊர்னா அரூஷாதான், அடிபட்டா ஜீப்புல பல மணி நேரம் போகணும். இதையெல்லாம் கேட்டுட்டு அவன் பொறுமையா பதில் சொன்னான்னா அனுப்புங்க.

கேள்வி: போட்டோல அந்த மலை உச்சி வெள்ளையா இருக்கே, பனியா?

பதில்: பனி இல்ல, லாவா! உலகத்துல இப்ப இந்த மாதிரி லாவாவ கக்குற ஒரே எரிமலை இதுதான். மத்த எரிமலைல வர்றது சிலிக்கா கலந்த பாறைக் குழம்பு, பல சமயம் 1,000 டிகிரிக்கு மேலகூடக் கொதிக்கும். இங்க வர்றதுல முக்கியமா இருக்கறது சோடியம் கார்பனேட், அதாவது நம்ம துணி துவைக்கிற சலவை சோடா. சூடு 500லருந்து 600 டிகிரிதான், எண்ணெய் மாதிரி தண்ணியா ஓடும். வரும்போது கறுப்பா இருக்கும், காத்துல இருக்குற ஈரம் பட்டு கொஞ்ச நாள்ல வெளுத்துரும். மழைல கரையிற அந்த சோடாவும் அடிவாரத்து நேட்ரான் ஏரிக்குப் போய்ச் சேருது. மனுஷன் குடிக்க முடியாத அந்தத் தண்ணிலதான் கிழக்கு ஆப்பிரிக்காவோட சின்ன பூநாரைங்கற இனப் பறவைங்க லட்சக்கணக்குல வந்து குஞ்சு பொரிக்குது. மசாய் மொழில இந்த மலைப் பேருக்கே கடவுளோட மலைன்னுதான் அர்த்தம், அவங்க சாமி எங்காய் இருக்குற இடம். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, சூடு கம்மிங்கறதால பகல்ல அந்த லாவா செவப்பா ஜொலிக்காது, கறுப்புச் சேறு ஓடுற மாதிரிதான் தெரியும், ஆறிப்போச்சுன்னு நெனச்சு கால வச்சுராதீங்க.