பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுவதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

எங்கே ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. ஆயில் டேங்குக்குத் திரும்பி வரும், அழுத்தம் குறைந்த குழாயான ரிட்டர்ன் ஹோஸ் என்றால் தாராளமாக முடியும். முன்சக்கரங்களைத் திருப்பும் பாகமான ரேக்கின் ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் உள் சீல் போய்விட்டது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் ஆயில் படிந்த இடத்தையெல்லாம் நன்றாகத் துடையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் திருப்பச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். ஆயில் மேலே கசிந்து, குழாயோடு வழிந்து வந்துதான் கீழே சொட்டும். ஈரம் தொடங்கும் இடம்தான் முக்கியம்.

ரிட்டர்ன் ஹோஸில் பெரும்பாலும் கிளாம்ப்தான் தளர்ந்திருக்கும். புதிது போட்டாலே நின்றுவிடும். நுனி மட்டும் வெடித்திருந்தால், நீளம் மிச்சமிருக்கும்போது அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம்.

பம்ப்பிலிருந்து ரேக்குக்குப் போகும் ஹோஸ் அப்படியல்ல. முழுதாகத் திருப்பும்போது அதில் அழுத்தம் பல வண்டிகளில் 1,000 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். டேப் சுற்றுவது, துண்டு ஒட்டுவது எதுவும் வேண்டாம். முழு ஹோஸையும் மாற்றுங்கள். கசிவை விரலால் தடவியும் பார்க்காதீர்கள். சூடான சைலன்சர் குழாயில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கலாம், தள்ளிப்போட வேண்டாம்.

வண்டியின் கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் ஆஃபில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இருபுறமும் பல முறை திருப்பி, காற்றை வெளியேற்றுங்கள். டேங்கில் நுரை வருவது நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.