எத்தனை நாளாக, எத்தனை நாளைக்கு?

கேள்வி: வேலூரில் மருத்துவமனைக்குப் பக்கத்து லாட்ஜில் வரவேற்பறையில் வேலை செய்கிறேன். கொல்கத்தாவிலிருந்து வந்தவர் ‘ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்’ என்றார். இரண்டு வாரமாக ஊரில் இருக்கிறார் என்று நினைத்து ஒரு நாளுக்குத்தான் அறையைப் பதிந்தேன். மறுநாள் பெரிய சண்டை. யார் மேல் தவறு?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: தம்பி, அவர் பேசியது சரியான ஆங்கிலம். நீங்கள் அதைத் தமிழ்க் காதால் கேட்டுவிட்டீர்கள். ‘இரண்டு வாரமாக இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கழிந்த நாட்களைச் சொல்ல ‘ஹேவ் பீன்’ வந்தே ஆக வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்’. வெறும் ‘ஐ ஆம்’ என்றால் ‘இரண்டு வாரத்துக்கு வந்திருக்கிறேன்’ என்று பொருள். இரண்டிலும் ‘ஃபார்’ ஒன்றுதான். வினைச்சொல்லைத்தான் கவனிக்க வேண்டும்.

கேள்விக்கும் இதே கணக்கு. ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’ என்றால் எத்தனை நாளாக. ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?’ என்றால் எத்தனை நாளைக்கு. ‘சின்ஸ்’ என்பது தொடங்கிய நாளோடுதான் சேரும்: ‘சின்ஸ் மண்டே’. ‘சின்ஸ் டூ வீக்ஸ்’ தவறு. ஆனால் இந்தியும் வங்காளமும் இந்த விஷயத்தில் தமிழைப் போலத்தான். உங்கள் விருந்தினர்களில் பலர் அப்படியே பேசுவார்கள். திருத்தாதீர்கள். ‘வென் ஆர் யூ செக்கிங் அவுட்?’ என்று கேட்டு, தேதியைப் பேரேட்டில் எழுதி அவருக்கே காட்டுங்கள். குடியிருக்கும் ஊரைக் கேட்க ‘லிவ்’, இங்கே தங்குவதற்கு ‘ஸ்டே’.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்பாடியில் இறங்கி, கையில் மருத்துவ அறிக்கைகளோடு நிற்பவரிடம் ‘ஹவ் மெனி டேஸ் வில் யூ ஸ்டே?’ என்று கறாராகக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? பரிசோதனை முடிவு வர வேண்டும், டாக்டர் சொல்ல வேண்டும். ‘ஹவ் லாங் டு யூ எக்ஸ்பெக்ட் டு ஸ்டே?’ என்று கேளுங்கள். உத்தேசமாகச் சொன்னால் போதும் என்ற தெம்பு அவருக்கு வரும். நாள் கூடினால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள்: ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ பை ஃபைவ்’. இங்கே ‘பை’தான் சரி, அது கெடுவைக் குறிக்கும். ‘அண்டில்’ ஒரு நிலை நீடிப்பதைக் குறிக்கும்: ‘ஐ ஆம் ஸ்டேயிங் அண்டில் ஃப்ரைடே’. அப்படிச் சொல்பவரிடம் வெள்ளி காலையா, மாலையா என்பதையும் கேட்டுவிடுங்கள்.