சிறையிலிருந்து ஊருக்கு: வாசகர் கேள்விகள்

என் தம்பி பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து அடுத்த மாதம் விடுதலையாகிறான். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? – வாசகி, முக்கூடல்

வேலை தேடுவது அப்புறம். முதலில், வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் வேன் பிடித்து வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கைதி மறுபடி உள்ளேயே போய்விடுவார். வழக்கறிஞர் இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி இலவசம்.

அடுத்து ஆவணங்கள். மனு கொடுத்துத் தம்பியைச் சிறையில் பார்க்கப் போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம் எங்கே என்று கேட்டு வையுங்கள். ஆதாரில் உள்ள பழைய செல்போன் எண் இந்நேரம் வேறொருவர் கையில் இருக்கலாம். வெளியே வந்ததும் தம்பி ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளட்டும்; அதுவரை வங்கி வேலை எதுவும் எளிதில் நடக்காது. சிறையில் உழைத்ததற்குக் கூலி பாக்கி இருந்தால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தொழில் தொடங்க உதவி வேண்டுமென்றால் நன்னடத்தை அலுவலரை விடுதலைக்கு முன்பே பாருங்கள்.

சிறையிலிருந்து வரும் எங்கள் வீட்டுப் பையனை ஊர்ப் பையன்கள் பேனர் வைத்து, வெடி போட்டு வரவேற்கப் போகிறார்களாம். தடுக்கவா? – நாங்குநேரி

தடுங்கள். அந்த வெடிச் சத்தம் எதிர்த்தரப்பின் தெருவிலும் கேட்கும். நம் பக்கத்தில் பழிக்குப் பழி எப்படித் தொடங்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் சூடு தணியவில்லை என்றால், சில மாதம் வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

2018-ல் மோசடி வழக்கில் மூன்றாண்டு தண்டனை பெற்றேன். துபாய் போக பாஸ்போர்ட் கிடைக்குமா? – மேலப்பாளையம்

கிடைக்க வாய்ப்புண்டு. மோசடி போன்ற ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளைத்தான் சட்டம் பார்க்கிறது. தீர்ப்பு நாளிலிருந்து கணக்கு. விடுதலை நாளிலிருந்து அல்ல. வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தால் நீதிமன்ற அனுமதி தேவை. விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், அது தனிக் குற்றம்.

ஜாமீனில் இருக்கிறேன். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதால் திருப்பூர் வேலைக்குப் போக முடியவில்லை. – வள்ளியூர்

நிபந்தனையைத் தளர்த்தக் கோரி, ஜாமீன் தந்த நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வேலை தரும் நிறுவனத்தின் கடிதத்தை இணையுங்கள். உத்தரவு வரும்வரை ஒரு நாள்கூடக் கையெழுத்தைத் தவறவிடாதீர்கள்.

விடுதலையானவருக்கு ஓட்டு உண்டா? – அம்பாசமுத்திரம்

உண்டு. அடைபட்டிருக்கும்போதுதான் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.